ஆப்பை மூடுகிறார்கள்: ரிஃபண்ட் வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி இதுதான். புறக்கோட்டையில் சிறிய மொத்தக் கடை ஒன்று நடத்தும் குடும்பம். கடன் கொப்பியை விட்டுவிட்டு, கொழும்பில் இரண்டு இளைஞர்கள் செய்த கடைக் கணக்கு ஆப் ஒன்றை போனில் பாவிக்கிறார்கள். வருடச் சந்தா 3,600 ரூபா. நான்கு மாதம் போனபிறகு, மாத முடிவோடு ஆப்பை நிறுத்துகிறோம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. மீதி எட்டு மாதத்துக்கு 2,400 ரூபா தானாகவே திரும்பி வருமாம். விரும்பினால் ‘ரிஃபண்ட் வேண்டாம்’ என்ற பட்டனை அழுத்தலாமாம். “பாவம் அந்தப் பொடியன்கள், விட்டுவிடு” என்கிறார் அப்பா. மகளுக்கு மனம் ஒப்பவில்லை. எது சரி?

அந்த 2,400 ரூபா உங்களுடையது. அதைத் திரும்ப வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொகை உங்களுக்குப் பாரமில்லை, அவர்கள் நேர்மையாகச் சொல்லிவிட்டு மூடுகிறார்கள், நீங்கள் விடும் பணம் உண்மையாகவே அவர்கள் கைக்குத்தான் போகிறது என்றால், அப்பா சொல்வது நல்ல யோசனை. நானும் அதையே சொல்வேன். இதில் மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை. விட்டுக்கொடுத்த பணம் சில வேளைகளில் அந்தப் பொடியன்களிடம் போகாமல் அவர்களுக்குக் கடன் கொடுத்த வங்கியிடம் போய்விடும்.

முதலில் ரிஃபண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ 3,600 ரூபா கட்டினால், சிறிய டெவலப்பர்களிடம் அப்பிளும் கூகுளும் எடுக்கும் பங்கு பொதுவாக 15 வீதம். அதாவது 540 ரூபா. டெவலப்பர் கைக்குச் சேர்வது 3,060. எட்டு மாதப் பங்கை அவர் திருப்பித் தரவேண்டுமானால் தலைக்கு 2,040 ரூபா. உதாரணத்துக்கு 400 சந்தாதாரர் என்று வைத்துக்கொண்டால் 816,000 ரூபா. இனிமேல் ஒரு சதமும் வருமானம் இல்லை என்று ஆன அதே மாதத்தில் இந்தத் தொகை வெளியே போகவேண்டும். ஸ்டோர்கள் அதை டெவலப்பருக்கு அடுத்துக் கொடுக்கவிருக்கும் பணத்தில் கழித்துக்கொள்ளும். அடுத்து வரப் பணமே இல்லையென்றால் அது கடனாக நிற்கும்.

வருடச் சந்தா வாங்கினால் அதை ஒதுக்கி வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வைத்திருக்க வேண்டும். கணக்கியல் படி பார்த்தால் நீங்கள் கட்டிய 3,600 ரூபா அன்றே அவர்களின் வருமானம் ஆகாது. மாதத்துக்கு 300 ரூபா வீதம் சேவை கொடுக்கக் கொடுக்கத்தான் அது அவர்களுடையதாகிறது. மீதி உங்களிடம் பட்ட கடன். இதை ஒழுங்காகச் செய்தவருக்கு மூடும் நாளில் நெருக்கடி வராது. ஆனால் இரண்டு பேர் நடத்தும் ஆப்பில் செலவெல்லாம் முன்னாலேயே விழும்: சேர்வர் வாடகை, முதல் வருடம் சம்பளமில்லாமல் எழுதிய புரோகிராமுக்குப் பட்ட கடன், ஒரு போன் மொடலில் மட்டும் வரும் பிழையைத் தேடிப் போன வாரங்கள். வந்த பணம் வந்த கையோடு போய்விடுகிறது. அது அவர்கள் பக்கத்துக் குறைதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் மோசடி என்று சொல்லவும் முடியாது.

இந்தக் கேள்வி உலகெங்கும் பேசப்பட்டது 2023இல். அந்த வருடம் ஜனவரி 12ஆம் திகதி டுவிட்டர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், டுவிட்டரைப் பார்க்க வெளியார் செய்த ஆப்களைத் துண்டித்தது. ஒரு வாரம் கழித்து, அப்படிப்பட்ட ஆப்களுக்கே இடமில்லை என்று விதியை மாற்றியது. ஐகன்ஃபக்டரி என்ற சிறு நிறுவனத்தின் டுவிட்டரிஃபிக் 2007 முதல் இருந்த ஆப். டப்பொட்ஸ் நிறுவனத்தின் டுவீட்பொட் 2011இல் வந்தது. இரண்டும் ஒரே இரவில் செத்தன. வருடச் சந்தா கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எல்லோருக்கும் மீதி மாதங்களின் பணம் தானாகத் திரும்பிப் போக இருந்தது, அதில் பெரும்பங்கு அந்தச் சிறு நிறுவனங்களின் பையிலிருந்து. ஆகவே இரண்டு ஆப்களிலும் கடைசிப் பதிப்பில் ஒரு பட்டனை வைத்தார்கள்: எனக்கு ரிஃபண்ட் தேவையில்லை. டுவீட்பொட்டில் இன்னொரு வழியும் இருந்தது. மீதிச் சந்தாவை அவர்களுடைய புதிய ஆப்பான ஐவரிக்கு (டுவிட்டர் போன்ற மாஸ்டடன் என்ற வலைத்தளத்துக்கானது) மாற்றிக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாதவருக்குப் பணம் திரும்பிப் போகும்.

அதே வருடம் ரெடிட் என்ற விவாதத் தளத்திலும் இதே கதைதான். மே 31ஆம் திகதி, வெளியார் ஆப்கள் ரெடிட்டிடமிருந்து தகவல் எடுக்கும் கோரிக்கைகளுக்கு (ஏபிஐ கோரிக்கை), 5 கோடிக்கு 12,000 டொலர் என்று விலை தெரியவந்தது. ரெடிட்டைப் பார்க்கும் அப்பொலோ என்ற ஆப்பைத் தனியாளாகக் கட்டியெழுப்பிய கிறிஸ்டியன் செலிக், இந்தக் கணக்கில் தனக்கு வருடத்துக்குச் சுமார் 2 கோடி டொலர் வரும் என்று சொல்லி ஜூன் 30ஆம் திகதியோடு மூடினார். மீதிச் சந்தாக்களைத் திருப்பிக் கொடுக்கச் சுமார் 250,000 டொலர் தேவைப்படும் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அங்கேயும் வேண்டாம் என்று சொல்ல வழி வைத்தார்.

இவற்றில் கவனிக்கவேண்டியது, ஒன்றும் செய்யாதவருக்குப் பணம் திரும்பிப் போனது. விட்டுக்கொடுக்க விரும்பியவர்தான் பட்டனை அழுத்தினார். அதுவே முறை. இதைத் தலைகீழாக்கி, இந்தத் திகதிக்குள் கேட்காவிட்டால் விட்டுக்கொடுத்ததாகக் கொள்வோம் என்று யாராவது எழுதினால், பிறகு கொடுக்க விருப்பம் இருந்தாலும் முதலில் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் எடுத்துக்கொள்வதற்குப் பெயர் நன்கொடை இல்லை.

இனி உங்கள் பணம் எங்கே போய்ச் சேரும் என்ற விஷயம். அவர்கள் கம்பனி பதியாமல், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிந்து தங்கள் சொந்தப் பெயரில் நடத்தினால், அந்தக் கடன் நேரே அவர்கள் தலையில். வீட்டுப் பணத்திலிருந்து கட்டவேண்டி வரும். அந்த நிலையில் நீங்கள் விடும் 2,400 ரூபாவும் அவர்களுக்குத்தான் ஆறுதல். ஆனால் தனியார் வரையறுத்த கம்பனி என்றால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் அது வேறொரு ஆள். கையிருப்பு முழுக்கடனுக்கும் போதாமல் கம்பனி கலைக்கப்படுகிறது என்றால், பிணை வைத்துக் கடன் கொடுத்த வங்கி, ஊழியர் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, வரி எல்லாம் முன்னால் நிற்கும். சந்தாதாரர்கள் கடைசி வரிசையில் மற்றக் கடன்காரரோடு. அங்கே நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் அந்தப் பங்கு மற்றக் கடன்காரருக்குத்தான் போகும், ஆப்பைச் செய்தவருக்கு ஒரு சதமும் போகாது. வேலை செய்தவர்களின் சம்பளப் பாக்கிக்குப் போனால் எனக்கு மகிழ்ச்சிதான். வங்கிக்கு என்றால் நான் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சந்தா கட்டியபோது வந்த பற்றுச்சீட்டின் அடியில் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘பிரைவட் லிமிட்டெட்’ என்று இருந்தால் கம்பனி. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பெயரைப் போட்டுத் தேடலாம். கலைக்கப்படாமல், கடனெல்லாம் தீர்த்துவிட்டு மூடும் கம்பனியும் உண்டு. அதில் விட்டுக்கொடுத்த பணம் பங்குதாரருக்கே மிஞ்சும். பங்குதாரர் அந்தப் பொடியன்களே என்றால் சரி. நேரடியாகக் கேட்டு ஒரு வரி எழுதுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம்: “நான் ரிஃபண்ட் வேண்டாம் என்றால் அந்தப் பணம் யாருக்குப் போகும்?” நல்ல மனிதர்கள் பதில் சொல்வார்கள்.

விட்டுக்கொடுக்கவே கூடாத இடங்களும் உண்டு. ஆப்பைப் பெரிய நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கி மூடுகிறது என்றால், விற்றவருக்கு ஏற்கெனவே விலை கிடைத்திருக்கிறது, வாங்கியவரிடம் பணமும் இருக்கிறது. முழுவதையும் வாங்குங்கள். முதலீட்டாளர் பணத்தில் ஓடிய ஆப்பும் அப்படித்தான். மூடப்போவது தெரிந்துகொண்டே கடைசி வாரம்வரை தள்ளுபடி விலையில் வருடச் சந்தாவோ ‘லைஃப்டைம்’ பக்கேஜோ விற்றிருந்தால், ஒரு ரூபாவும் விடாதீர்கள். உங்கள் தரவை வெளியே எடுக்க வழி தராமல் பூட்டுகிறவருக்கும் இதே பதில். இன்னுமொன்று: சந்தா கட்டிய வங்கிக் காட் உங்களுடையதுதானா? வேலை செய்யும் இடத்துக் காட்டில் கட்டிய சந்தாவை நீங்கள் தானம் செய்ய முடியாது. கடைச் செலவாக எழுதிய பணம் என்றால் கடைக்கு உரியவர்தான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது அப்பா, ஆகவே அவர் சொல்வதற்கு எடை அதிகம்.

ஒரு பாக்கிக்காரரும் கொடுக்காத மாதத்தில் உங்களுக்கே கை இறுகியிருந்தால், யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தாத ஒருவரை யாரும் கஞ்சன் என்று நினைக்கமாட்டார்கள்.

இப்போது, ரிஃபண்டைவிட முக்கியமான ஒன்று. பட்டனை அழுத்துவதற்கும் ஆப்பை அழிப்பதற்கும் முன்னால் உங்கள் கணக்கை வெளியே எடுங்கள். 2,400 ரூபா போனால் போகட்டும், யார் எவ்வளவு கடன் என்ற பட்டியல் போனால் கடை தாங்காது. இப்படியான ஆப்களில் செட்டிங்ஸுக்குள் ‘எக்ஸ்போர்ட்’ என்று ஒன்று இருக்கும். சிஎஸ்வி கோப்பு (அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) ஒன்று மின்னஞ்சலுக்கு வரும். அதை நேரே இரட்டைக் கிளிக் செய்து எக்ஸலில் திறந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் குப்பை எழுத்தாகத் தெரியக்கூடும். கோப்பு பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அது யுனிகோட் கோப்பு என்று எக்ஸலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ‘டேட்டா’ என்ற மெனுவில் ‘ஃப்ரொம் டெக்ஸ்ட் / சிஎஸ்வி’ என்பதை அழுத்திக் கோப்பைத் தெரிவு செய்யுங்கள். மேலே வரும் ‘ஃபைல் ஒரிஜின்’ பெட்டியில் ‘65001: யுனிகோட் (யுடிஎஃப்-8)’ என்று மாற்றினால் பெயர்கள் சரியாகும். அதே ஜன்னலில் ‘டிரான்ஸ்ஃபோர்ம் டேட்டா’வுக்குள் போய்த் தொலைபேசி எண் உள்ள நிரலை ‘டெக்ஸ்ட்’ என்று ஆக்குங்கள். இல்லாவிட்டால் எக்ஸல் அதை எண்ணாக எடுத்து முதல் பூச்சியத்தைத் தின்றுவிடும், 077 என்பது 77 ஆகிவிடும். திகதியையும் பாருங்கள். 03/04 என்பது ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்று கணினியின் பிரதேச அமைப்பைப் பொறுத்து மாறும். திகதி தெரிந்த ஒரு விற்பனையை எடுத்து ஒப்பிட்டால் போதும்.

பில் படங்கள் சிஎஸ்வியில் வராது. அந்த இடத்தில் ஒரு இணைய முகவரி மட்டும் இருக்கும். இன்றைக்கு அழுத்தினால் படம் தெரியும். சேர்வரை நிறுத்திய மறுநாள் எதுவும் வராது. ஆகவே முக்கியமான பில்களைத் திறந்து ஒவ்வொன்றாகச் சேமியுங்கள், அல்லது எல்லாப் படங்களையும் ஒரே ஸிப் கோப்பாகத் தரமுடியுமா என்று கேளுங்கள். இது டெவலப்பருக்கு அரை நாள் வேலை. கடைசியாக, ஆப்பில் காட்டும் மொத்தப் பாக்கியும் எக்ஸலில் கூட்டிய மொத்தப் பாக்கியும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால்தான் எடுத்தது முழுமை.

ரிஃபண்டின் நடைமுறைக்கு வருவோம். ரிஃபண்ட் வேண்டாம் என்று சொல்வதும் சந்தாவை நிறுத்துவதும் இரண்டு வேலை. ஆப்பை அழித்தாலும் சந்தா நிற்காது. ஐபோனில் செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், பிறகு சப்ஸ்கிரிப்ஷன்ஸ். அங்கே போய் கான்சல் செய்யுங்கள். அன்ட்ரொய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து உங்கள் படத்தை அழுத்தி, பேமன்ட்ஸ் அன்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். கூகுளில் டெவலப்பர் தன் பக்கத்திலிருந்து மீதி நாட்களுக்கு மட்டும் கணக்குப் பார்த்துத் திருப்பித் தரலாம். உங்களிடமிருந்து எதுவும் தேவையில்லை. அப்பிளில் உங்கள் டெவலப்பர் தானாகவே ரிஃபண்டை அனுப்ப வழியில்லை, அப்பிள்தான் அனுப்ப வேண்டும். தானாக வராவிட்டால் ‘ரிப்போர்ட் எ ப்ரொப்ளம்’ பக்கத்தில் நீங்களே கேளுங்கள். 24 முதல் 48 மணித்தியாலத்தில் பதில் வரும். அனுமதித்த பிறகு காட்டுக்குப் பணம் வர 30 நாள்வரை போகலாம். போன் பில்லில் கட்டியிருந்தால் 60 நாள்வரை.

பட்டன் இருப்பது ஆப்பின் கடைசிப் பதிப்புக்குள் என்பதையும் மறக்கவேண்டாம். டுவீட்பொட் செத்ததும் கோபத்தில் அழித்துவிட்டவர்கள், பிறகு விட்டுக்கொடுக்க விரும்பியபோது, பழைய கொள்வனவுப் பட்டியலிலிருந்து ஆப்பைத் திரும்ப இறக்கவேண்டி வந்தது. அப்டேட் செய்யுங்கள், முடிவெடுங்கள், பிறகு அழியுங்கள்.

இலங்கையில் இருப்பவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பிளே ஸ்டோர் ரூபாவில் அறவிடுகிறது, ஆகவே ரூபாவிலேயே திரும்பி வரும். அப்பிள் டொலரில் அறவிடுகிறது. கட்டிய நாளில் உங்கள் வங்கி டொலரை விற்கும் விலையில் ரூபா எடுத்தது. திரும்பி வரும் நாளில் வாங்கும் விலையில் வைக்கும். இரண்டுக்கும் நடுவே எப்போதும் சிறிது இழப்பு. ரூபா ஆடும் காலத்தில் அது பெரிதாகும். உதாரணத்துக்கு, டொலர் 360 ரூபாவில் இருந்தபோது 30 டொலர் கட்டியவருக்கு அது 10,800 ரூபா. அதில் பாதியான 15 டொலர் பிறகு 300 ரூபா வீதத்தில் திரும்பினால் 4,500 ரூபாதான் வரும், 5,400 வராது. வங்கியோடும் டெவலப்பரோடும் சண்டை பிடித்துப் பயனில்லை, ரூபா ஆடியதால் வந்த இழப்பை இரண்டு பேரும் எடுக்கவில்லை. விட்டுக்கொடுப்பதா என்று யோசிக்கும்போது, கைக்கு உண்மையில் வரப்போவது இந்தச் சிறிய தொகைதான் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்.

திருப்பித் தருகிறோம் என்று எழுத்தில் சொல்லியிருக்கும்போது, பொறுமையிழந்து வங்கிக்குப் போய் அந்தக் கொடுப்பனவை ‘டிஸ்பியூட்’ செய்யவேண்டாம் (கட்டிய பணத்தை மீளெடுத்துத் தரும்படி வங்கியிடம் முறையிடுவது). ரிஃபண்ட் ஒரு பக்கம், வங்கியின் மீளெடுப்பு ஒரு பக்கம் என்று இரண்டு தடவை பணம் வந்து, பிறகு ஒன்றைத் திருப்பிக் கட்டும் சிக்கல் வரும். நேரடியாகத் தங்கள் இணையத்தளத்தில் காட் வாங்கிய டெவலப்பருக்கு ஒவ்வொரு டிஸ்பியூட்டுக்கும் தனியாகக் கட்டணம் விழும். சொன்ன நாளும் தாண்டி, பதிலும் இல்லை என்றால்தான் அந்தக் கதவு. உள்ளூர்ச் சேவை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். உடனடி இலக்கம் 1977. பற்றுச்சீட்டையும் மூடும் அறிவிப்பையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆப் போனபிறகு அதுதான் அத்தாட்சி. தாமதிக்கவும் வேண்டாம், இந்த முறைப்பாடுகளுக்குக் கால எல்லை உண்டு.

முழுவதும் வாங்குவது, முழுவதும் விடுவது இரண்டுக்கும் நடுவிலும் வழி உண்டு. ரிஃபண்டை வாங்கிக்கொண்டு, மனம் வந்த தொகையை டெவலப்பரின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பலாம். ஆயிரம் ரூபா அனுப்பினால் ஸ்டோரின் பங்கு கழியாமல் ஆயிரமும் அவருக்குச் சேரும். கம்பனிக் கணக்குக்கு அனுப்பாமல் அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பினால் கடன்காரர் பிரச்சினையும் இல்லை. என் அபிப்பிராயத்தில் உங்களுக்கு மிகப் பொருத்தமானது இதுதான். அப்பாவின் மனமும் நிறையும், மகள் கேட்கும் கணக்கும் தெளிவாக இருக்கும். கணக்கு இலக்கத்தை மட்டும் ஆப்பிலிருக்கும் பழைய உதவி மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். மூடும் செய்தி வந்த நாட்களில் அதே பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, ரிஃபண்ட் தர உங்கள் காட் இலக்கமும் ஓடிபியும் தேவை என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையான ரிஃபண்டுக்கு ஓடிபி ஒருபோதும் தேவைப்படாது.

பட்டனை அழுத்தியபிறகு மனம் மாறினால், குறித்த திகதிக்கு முன்னால் டெவலப்பருக்கு எழுதுங்கள். ரிஃபண்ட் பட்டியல் போகும்வரை பெயரைத் திரும்பச் சேர்க்க முடியும். பட்டியல் போனபிறகு மாற்றுவது அவர் கையில் இல்லை.